ஏலத்தில் விற்ற சைக்கிள் ஃபோர்க்குக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

கேள்வி: நான் ஓட்டிய பந்தய சைக்கிளின் கார்பன் இழையாலான முன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவை) ‘உள்ளது உள்ளபடி’ என்று குறிப்பிட்டு இணைய ஏலத்தில் விற்றேன். விலை ஏறட்டும் என்று என் நண்பரும் இரண்டு முறை ஏலம் கேட்டார். கவையின் ஒரு காலில் இருந்த மயிரிழை விரிசல் தெரியாதபடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். வாங்கியவர் அதை உரித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நான் வியாபாரி அல்ல, கொடுத்தாக வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: கொடுத்துவிடுங்கள். நீங்கள் வியாபாரி அல்ல என்பது ஓரளவுக்குச் சாதகமானதுதான். சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 பொருந்தா. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகமும் படத்தில் தெரியும் கீறல், தேய்மானம் ஆகியவை குறித்த புகாரிலிருந்து உங்களைக் காக்கும்.

விரிசலுக்கு அந்தக் காப்பு கிடையாது. உண்மையை அறிந்தவர் அதைச் செயலால் மறைப்பதை, இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 17ஆவது பிரிவு மோசடி என்கிறது. 19ஆவது பிரிவின்படி ஏமாந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். குறையைச் சொல்லாமல் மட்டும் விட்டிருந்தால், ‘வாங்குபவர் கவனித்திருக்கலாமே’ என்று வாதிடவாவது இடம் இருந்திருக்கும். ஸ்டிக்கரால் மூடிய பின், அதுவும் படங்களை மட்டுமே நம்பி வாங்கியவரிடம், அந்த வாதம் எடுபடாது.

நண்பர் ஏலம் கேட்டதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதுவே பெரிதாகப் படுகிறது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 64ஆவது பிரிவின்படி, ஏலம் கேட்கும் உரிமை தமக்கும் உண்டு என்று விற்பவர் முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்திருந்தாலன்றி, அவரோ அவருக்காக வேறொருவரோ கேட்கக் கூடாது; விலையை ஏற்றுவதற்காகப் போலியாகக் கேட்டிருந்தால், வாங்கியவர் விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். சுத்தியல் தட்டி முடிக்கும் ஏலத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பிரிவு என்றாலும், குறித்த நேரத்தில் முடியும் இணைய ஏலத்துக்கும் இது பொருந்தும் என்பதே என் கருத்து. விரிசலே இல்லாதிருந்தாலும் இந்த ஒரு காரணம் அவருக்குப் போதும்.

அவர் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவின்கீழ் ஏமாற்றியதாகப் புகார் கொடுக்கும் வரை காத்திராமல், முழுத் தொகையையும் கூரியர் செலவையும் தருவதாக எழுத்தில் தெரிவித்து, வங்கி மூலம் செலுத்தி, பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

திரும்பி வரும் ஃபோர்க்கை வேறு யாருக்கும் விற்காதீர்கள். இரும்பு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். விரிசல் விட்ட கார்பன் ஓடும்போதே சட்டென்று முறிந்து, ஓட்டுபவரை முகம் குப்புறத் தள்ளிவிடக்கூடும். யாரும் எடுத்துப் பொருத்த முடியாதபடி இரண்டாக அறுத்த பிறகே அதைக் கழித்துக்கட்டுங்கள்.