சிப்பாய் கோட் கல்யாண பேண்டு உடை மாதிரி தெரிகிறதா?

தையலில் தப்பில்லை தம்பி, துணியில்தான். வேலூர்க் கிளர்ச்சிச் சிப்பாய் வேடத்துக்காக நீ 1806 மதராஸ் சிப்பாய் கோட் தைத்தாய், அது கல்யாண பேண்டுக்காரர் உடை மாதிரி இருக்கிறது என்கிறாய். பளபளக்கும் பாலியஸ்டர் எடுத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அந்தக் கோட் கம்பளித் துணி, மினுக்கம் இருக்காது. சிவப்பும் பளீரென்று வேண்டாம். செங்கல் பக்கம் சாய்ந்த மங்கல் சிவப்பு எடு.

உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். கலப்புத் துணியென்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வரும், குழம்பாதே.

அப்புறம், தலைப்பாகை. 1805 நவம்பர் உத்தரவில் வந்த புதுத் தலைப்பாகையும் அதன் தோல் சின்னமும்தான் 1806 ஜூலை 10 வேலூர்க் கிளர்ச்சிக்கு ஒரு காரணம். கிளர்ச்சிச் சிப்பாயாக நிற்கப்போகிற நீயே அதை மாட்டிக்கொண்டு வந்தால் சிரிப்பார்கள்! மறுபடி துணி வாங்குமுன் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வா.

ஒன்று மட்டும்: மே மாத மதியத்தில் கம்பளிக் கோட் போடாதே, மயக்கமே வரும். வாளும் மரத்திலேயே செய்துகொள். நிஜ வாளென்றால் 1959 ஆயுதச் சட்டம் குறுக்கே வரலாம்.