பால்டர்ஸ் கேட் 3: முதல் ஆட்டத்துக்கு எந்த கிளாஸ்?

பால்டர்ஸ் கேட் 3 என்ற கதை சார்ந்த கணினி விளையாட்டை முதன்முறையாகத் தொடங்கும் ஒருவர் அதிலுள்ள 12 கிளாஸ்களில், அதாவது பாத்திரத்தின் திறன்களைத் தீர்மானிக்கும் வகைகளில், எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பாலடின், அதாவது உறுதிமொழி ஏற்ற புனித வீரர். எது பலமானது என்று தேடாமல், குழுவில் நமக்கென்று எஞ்சியிருக்கும் வேலை எது என்று பார்த்தால் நீங்களும் இந்த முடிவுக்கே வருவீர்கள் என நினைக்கிறேன்.

இதில் நான்கு பேர் கொண்ட குழுவாகச் செல்கிறோம். வழியில் சேரும் துணைவர்களில் லேசெல் ஃபைட்டர், ஷேடோஹார்ட் கிளெரிக், அஸ்டாரியன் ரோக், கேல் விசார்ட். ஆகவே வாள்வீச்சு, குணப்படுத்துதல், பூட்டுத் திறத்தல், மந்திரம் ஆகிய நான்குக்கும் முதல் அத்தியாயத்திலேயே ஆள் கிடைத்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலான முக்கிய உரையாடல்களில் பேச வேண்டியவர் நீங்கள் உருவாக்கிய பாத்திரம்தான். எதிராளியை இணங்க வைக்கவோ மிரட்டவோ ஏமாற்றவோ முயலும்போது 20 முகப் பகடை உருள்கிறது. அந்த எண்ணோடு உங்கள் கரிஸ்மாவும் (பிறரைக் கவர்ந்து பேசும் திறன்) சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கிறது. கரிஸ்மாவை முதன்மையாகக் கொண்ட கிளாஸ்கள் பாலடின், பார்ட், சோர்சரர், வார்லாக் ஆகிய நான்கு.

அவற்றுள் பாலடினை நான் முன்னிறுத்துவதற்குக் காரணம், புதியவரை அது எளிதில் சாகவிடாது என்பதுதான். முதல் லெவலில் சோர்சரருக்கு அடிப்படை உயிர்ப்புள்ளி 6, பாலடினுக்கு 10. கனமான கவசமும் அணியலாம். இரண்டாம் லெவலில் டிவைன் ஸ்மைட் கிடைக்கிறது. வாள் எதிரியின் மேல் பட்ட பிறகு, அந்த அடியோடு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடுவதற்கான வாய்ப்பு) ஒன்றைச் செலவிட்டுக் கூடுதல் சேதம் விளைவிக்கவா என்று ஆட்டம் நிறுத்திக் கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம். அடி தவறினால் ஸ்லாட் வீணாகாது. இருப்பதே இரண்டு ஸ்லாட் என்ற தொடக்க நிலையில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை முதல் கடினமான சண்டையிலேயே உணர்வீர்கள்.

பாலடினுக்குக் காயம் ஆற்றவும் தெரியும். அடிப்பவரே ஆற்றவும் செய்வது எப்படி என்று பலர் வியக்கிறார்கள். குமரி மாவட்டத்துக்காரனான எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்றுத்தரும் ஆசான், வர்மத்தில் அடிபட்டவரை இளக்குமுறையால் எழுப்பவும் தெரிந்தவராகவே இருப்பார். லே ஆன் ஹேண்ட்ஸ் என்ற பாலடினின் கைவைத்தியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆசான்மார்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மார்த்தாண்டத்தில் இருக்கும் என் அத்தை மகன் என்னோடு சேர்ந்து விளையாடும்போது விசார்டைத்தான் எடுப்பான். ஸ்க்ரோல்களை (மந்திரச் சுருள்களை) தேடி வாங்கி மந்திரங்களை எழுதிச் சேர்ப்பதும், தன் முறை வந்ததும் முழுக் களத்தையும் அளந்து பார்த்து முடிவெடுப்பதும்தான் அவனுக்கு ஆட்டம். நீங்களும் அந்த இயல்புடையவர் என்றால் தயங்காமல் விசார்டாகவே தொடங்குங்கள், கேல் முகாமில் இருந்துகொள்ளட்டும்.

தேர்வு தவறிப்போகுமோ என்ற அச்சமும் வேண்டாம். முகாமுக்கு வந்து சேரும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொற்காசு கொடுத்தால் கிளாஸை முதலிலிருந்து மாற்றி அமைத்துக்கொள்ளலாம். இனத்தை மட்டும் அவரால் மாற்ற முடியாது, எனவே தொடக்கத் திரையில் அதற்குச் சற்று நேரம் கொடுங்கள்.

பாலடினை எடுத்தால் ஓர் உறுதிமொழியும் எடுக்க வேண்டும். டிவோஷன், ஏன்ஷியன்ட்ஸ், வெஞ்சன்ஸ் ஆகிய மூன்றும் தொடக்கத்திலிருந்தே உள்ளவை. 2025இல் வந்த எட்டாவது பேட்ச் (விளையாட்டின் புதுப்பிப்பு) கிரவுன் என்பதைச் சேர்த்தது. எடுத்த உறுதிமொழிக்கு மாறாக நடந்தால், குறிப்பாக அப்பாவிகளைக் கொன்றால், அது முறிந்து நீங்கள் ஓத்பிரேக்கர் (உறுதிமொழி மீறியவர்) ஆவீர்கள். அதற்கென வேறு ஆற்றல்களும் உண்டு, கதையும் நின்றுவிடாது. முதல் ஆட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது டிவோஷன். ஒவ்வொரு பதிலையும் சொல்லுமுன் ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வைப்பது அதுவே.