காட்டுக்குள்ள காணாமப் போன சர்வே கல்லு: வாசகர் கேள்வி, ரிட்டயர்டு சர்வேயர் பதில்

கேள்வி: ஐயா வணக்கம். சிறுமலை அடிவாரத்துல தாத்தா காலத்துல இருந்து வர்ற மூணு ஏக்கர் பட்டா நிலம் எங்களுக்கு இருக்கு. இருபது வருஷமா உழவே இல்ல, உண்ணிச்செடியும் புதருமா காடாவே ஆயிடுச்சு. நாலு மூலையிலயும் கல்லு இருந்துச்சுன்னு அப்பா சொல்றார், ரெண்டு நாள் தேடியும் ஒண்ணுகூட கண்ணுல படல. மேல் பக்கம் ரிசர்வ் ஃபாரஸ்ட். எப்படித் தேடறது?

பதில்: தம்பி, புதருக்குள்ள கல்லை கண்ணால தேடினா கிடைக்காது, அளவால தேடணும். முதல்ல உங்க சர்வே நம்பருக்கான எஃப்எம்பி ஸ்கெட்ச் எடுங்க, அதாவது நிலத்தோட எல்லையும் அளவும் போட்ட அரசு வரைபடம், அரசோட இ-சர்வீசஸ் தளத்துலயே பார்க்கலாம், அங்க இல்லன்னா தாலுகா ஆபீஸ்ல மனு போட்டு வாங்கிக்கலாம். அதுல சுத்தி ஓடுறது எஃப் லைன், அதான் உங்க எல்லை. உள்ள மூலைக்கு மூலை போறது ஜி லைன், நிலத்தை முக்கோண முக்கோணமா பிரிச்சு அளந்திருப்பாங்க, அந்த முக்கோணம்தான் இப்ப உங்களுக்கு வழிகாட்டி.

உங்க காட்டுக்குள்ள இறங்காதீங்க, கீழ்ப் பக்கம் இன்னும் வெள்ளாமை நடக்கிற பக்கத்து நிலத்துக்குப் போங்க, அவங்ககிட்ட கேட்டா வரப்போரம் இருக்கிற பொதுக் கல்லைக் காட்டுவாங்க. ரெண்டு கல்லு உறுதியானா போதும், ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு டேப்பை இழுத்து ஸ்கெட்ச்ல உள்ள அளவுக்கு ரெண்டும் எங்க சந்திக்குதோ அங்க ஒரு குச்சி அடிங்க, அதைச் சுத்தி மட்டும் புதரை வெட்டுங்க. தாத்தா காலத்துப் பேப்பர்ல அளவு லிங்க்ல இருந்தா பயப்படாதீங்க, 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி, அப்ப ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

மலையடிவாரத்துல எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. ஸ்கெட்ச்ல இருக்கிறது மட்டமா அளந்த தூரம், நீங்க டேப்பை சரிவு மேலயே போட்டு இழுப்பீங்க. 20 டிகிரி சரிவுல தரையோட 100 மீட்டர் போட்டா மட்டத்துல 94 மீட்டர்தான் வரும், ஆறு மீட்டர் தள்ளி நின்னு குழி தோண்டிட்டு கல்லே இல்லன்னு வந்துடுவீங்க. அதனால அஞ்சு அஞ்சு மீட்டரா டேப்பை மட்டமா பிடிச்சு, நுனியில நூல்குண்டு தொங்கவிட்டு, படிக்கட்டு மாதிரி ஏறுங்க. ஃபோன் ஜிபிஎஸ்ஸை நம்பாதீங்க, மர நிழல்ல அது பல மீட்டர் தள்ளித்தான் காட்டும்.

நான் சர்வீஸ்ல இருந்தப்ப இதே மாதிரி ஒரு நிலத்துல மூணு தடவை அளந்தும் குச்சி ஒரு புத்து மேலயே வந்து நின்னுச்சு, இடுப்பளவு கரையான் புத்து, வீட்டுக்கார அம்மா அதுக்கு மஞ்சத்துணி கட்டி கும்பிட்டுட்டு இருந்தாங்க. இடிக்க யாருக்கும் மனசு வரல. ஓரமா கடப்பாரையை மெதுவா இறக்கினோம், ஒரு முழம் போனதும் ணங்குன்னு ஒரு சத்தம், கையில அதிர்வு வந்துச்சு. அந்தம்மாவே சூடம் காட்டிட்டு ஒரு பக்கம் மண்ணைத் தள்ளவிட்டாங்க, உளி கொத்தின கருங்கல்லோட தோள்பட்டை மட்டும் தெரிஞ்சுது. மண்ணுக்குள்ள இருக்கிறது வெறும் பாறையா சர்வே கல்லான்னு சந்தேகம் வந்தா தண்ணி ஊத்தி கழுவிட்டு சாயங்காலம் பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க, உச்சி வெயில்ல தெரியாத உளிக்குறி நிழல் விழுந்து தெரியும்.

மேல் பக்கம் கல்லைக் குவிச்சு நம்பர் போட்டிருந்தா அது ஃபாரஸ்ட் எல்லை. அதைத் தொடாதீங்க, வனத்துறை அனுமதி இல்லாம அதைத் தாண்டவும் செய்யாதீங்க. அந்த மூலைக்கு மட்டும் சர்வேயரும் ஃபாரஸ்ட் ஆளுங்களும் சேர்ந்து வந்து அளக்கிறதுதான் சரி.

கேள்வி: கல்லு கிடைச்சிருச்சு ஐயா, ஆனா சாஞ்சு கெடக்கு. நானே நிமிர்த்தி சிமெண்ட் போட்டுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, தயவு செஞ்சு கை வைக்காதீங்க. சாஞ்ச கல்லோட அடி மண்ணுல எங்க இருக்கோ அதுவே ஒரு சாட்சி, நிமிர்த்தினா அந்த சாட்சி போயிடும், அப்புறம் பக்கத்து நிலத்துக்காரர் நீங்க நகர்த்திட்டீங்கன்னு சொன்னா பதில் சொல்ல முடியாது. அரசு நட்ட எல்லைக்கல்லை நகர்த்தினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அதேசமயம் 1923-ம் வருஷத்து சர்வே சட்டப்படி கல்லைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பு பட்டாதாரருக்குத்தான், அதனால சும்மாவும் விட்டுடக்கூடாது. பக்கத்துல உள்ள மரமோ கிணறோ தெரியற மாதிரி ஃபோட்டோ எடுத்து விஏஓ-கிட்ட எழுதிக் கொடுங்க, நில அளவைக்கு மனு போடுங்க, பக்கத்து நிலத்துக்காரங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து அவங்க முன்னாடி சர்வேயர் அளந்து நடுவார். அதுவரைக்கும் சுத்தி நாலு மூங்கில் குச்சி நட்டு ஆடு மாடு இடிக்காம பார்த்துக்கோங்க.