வாசகர் கேள்வி பதில்: பள்ளி வளாகத்தில் ஆசிரியர் கார்களுக்கு இடம்

பள்ளிகளில் ஆசிரியர்களின் வண்டி நிறுத்துமிடம் பற்றி மதுரை மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் தருகிறோம்.

வளாகத்துக்குள்ளேயே 10 சென்ட் இடத்தில் பேவர் பிளாக் பதித்து, தகரக் கூரை போட்டு ஆசிரியர்களின் கார்களை நிறுத்த நினைக்கிறோம். "கட்டடமா கட்டுறோம்? சொந்த இடம்தானே, அனுமதி எதுக்கு?" என்கிறார் கான்ட்ராக்டர். அவர் சொல்வது சரியா?
(உதவி பெறும் பள்ளியின் செயலர், மேலூர் வட்டம்)

சரியில்லை. 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் கட்டடத்தை மட்டும் கணக்கில் கொள்வதில்லை. நிலத்தில் செய்யும் பொறியியல் பணியும், நிலத்தின் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றுவதும் அந்தச் சட்டப்படி 'வளர்ச்சி'தான். இருக்கிற மண்ணிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு வரிசையாக நிறுத்தச் சொன்னால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை. தோண்டி, தளம் போட்டு, கம்பம் நட்டுக் கூரை ஏற்றினால் அனுமதி வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு முன்பு ஒப்புதல் கிடைத்த மனை வரைபடத்தில் அந்த 10 சென்ட் என்னவென்று காட்டப்பட்டிருக்கிறது? பீரோவில் இருந்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். 'விளையாட்டு மைதானம்' என்று இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அடுத்த அங்கீகாரப் புதுப்பிப்பின்போது மைதான அளவு குறைந்திருப்பது தெரிந்துவிடும். கட்டடத்தைச் சுற்றி விட்ட திறந்தவெளி என்றால் அங்கே கூரை போட முடியாது. தீயணைப்பு வண்டி வரும் வழி என்றால் பேச்சே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. வகுப்பறைக் கட்டடத்தின் எந்தப் பக்கம் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் என்று முதலில் முடிவு செய்து, அங்கே 6 மீட்டர் அகலத்தை மஞ்சள் கோடு போட்டு ஒதுக்குங்கள். நுழைவாயிலில் பெயர்ப்பலகை வளைவு இருந்தால், அதன் அடிப்பாகம் தரையில் இருந்து 5 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மிச்சம் இருக்கிற இடத்தில்தான் கார்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது 'கார் ஷெட்டுக்கு அனுமதி' இல்லை. முழு வளாகத்தையும் காட்டும் திருத்திய மனை வரைபடத்துக்கு ஒப்புதல். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இடத்தைப் பார்க்க வரும் அலுவலர் வளாகம் முழுவதையும்தான் பார்ப்பார். அனுமதி வாங்காமல் எழுப்பிய பழைய வகுப்பறை ஏதாவது இருந்தால், அதை வரன்முறைப்படுத்தும் வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். மறைத்து வரைந்த வரைபடம் திரும்பி வரும். கூடவே பழைய கட்டடத்துக்கு நோட்டீசும் வரும்.

பள்ளியை ஒட்டிய 20 சென்ட் புன்செய் நிலத்தை எங்கள் அறக்கட்டளை வாங்கியிருக்கிறது. அதை வண்டி நிறுத்துமிடம் ஆக்க எங்கே, எந்த வரிசையில் போக வேண்டும்?
(மெட்ரிக் பள்ளித் தாளாளர், திருமங்கலம்)

முதல் நிறுத்தம் பட்டா. பத்திரம் அறக்கட்டளை பேரிலும் பட்டா பழைய உரிமையாளர் அல்லது நிறுவனர் பேரிலும் இருப்பதால்தான் மனுக்கள் பெரும்பாலும் நின்றுபோகின்றன. பெயர் மாற்றத்தோடு உட்பிரிவும் செய்து, 20 சென்ட்டுக்கும் தனி உட்பிரிவு எண் வாங்குங்கள். பிறகு எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடத்தை வைத்து, சர்வேயரைக் கூட்டி வந்து நான்கு மூலையிலும் கல் ஊன்றுங்கள். தாளில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், பொறியாளர் வரைவதற்கு முன்பே அதைத் தீர்த்துவிட வேண்டும். பள்ளி நிலம் பல சர்வே எண்களில் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் கூட்டு வரைபடமும் வேண்டும்.

இரண்டாவது, அ பதிவேடு, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமப் பதிவேடு. நிலத்தின் குறுக்கே அல்லது ஓரத்தில் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை என்று புறம்போக்கு எண் ஏதாவது போகிறதா என்று பாருங்கள். நம் பக்கம் கண்மாய்க்குப் போகிற வரத்துக் கால்வாய்கள் பல இடங்களில் தூர்ந்துபோய் வெறும் பள்ளமாகத் தெரியும். பதிவேட்டில் உயிரோடு இருக்கும். அதை நிரப்பித் தளம் போட்டால் அனுமதி கிடைக்காது. மழைக்காலத்தில் தண்ணீர் உங்கள் வகுப்பறைக்குள்ளேயே வரும். அருகே கண்மாயோ ஓடையோ இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள்.

மூன்றாவது, நிலத்தின் வகைப்பாடு. அந்த சர்வே எண் மாஸ்டர் பிளானுக்குள் (எந்த நிலம் எந்தப் பயனுக்கு என்று வகுத்த திட்டம்) வருகிறதா, வந்தால் குடியிருப்பா, கல்வியா, வேளாண்மையா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேளாண்மை என்றால் நில உபயோக மாற்றம் வேண்டும். அதற்குப் பத்திரிகை அறிவிப்பு, ஆட்சேபனைக்கு அவகாசம் என்று மாதக்கணக்கில் ஆகும். மாஸ்டர் பிளானுக்கு வெளியே என்றால், வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு 2017இல் வந்த விதிகள் பொருந்தும். நன்செய்க்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. புன்செய்க்கு வழி இதைவிட எளிது.

இவை தீர்ந்த பிறகுதான் வரைபடம். பதிவு பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைந்து, ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றுவார். கூட வைக்க வேண்டியவை: பத்திரம், பட்டா, புல வரைபடம், அ பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று, அறக்கட்டளைத் தீர்மானம், பள்ளியின் முந்தைய ஒப்புதல் கடிதமும் வரைபடமும், இடத்தின் புகைப்படங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு காரின் கட்டமும், வண்டி போகும் திசையும், மழைநீர்த் தொட்டியும், இருக்கிற மரங்களும் தெரிய வேண்டும்.

திட்ட அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. நகர் ஊரமைப்பு ஒப்புதல் வந்த கையோடு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். அதைக் கொண்டுபோய் நகராட்சியிலோ ஊராட்சியிலோ கட்டட அனுமதியும் வாங்கிய பிறகுதான் மண்வெட்டி. முன்சாலையின் அகலம் போதாவிட்டால், விரிவாக்கத்துக்கான துண்டு நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரும்படி கேட்பதும் உண்டு. அந்தத் துண்டில் கார் கட்டம் வராதபடி முதலிலேயே வரைந்துகொண்டால் பின்னால் கட்டம் குறையாது.

20 காருக்கும் 40 டூவீலருக்கும் எவ்வளவு இடம் தேவை?
(உடற்கல்வி ஆசிரியர், வாடிப்பட்டி)

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பக்கத்துக்கு 10 கார், நடுவே 6 மீட்டர் வழி என்று வைத்தால் அகலம் 5+6+5 என 16 மீட்டர், நீளம் 25 மீட்டர். மொத்தம் 400 சதுர மீட்டர், அதாவது 10 சென்ட்டுக்கு ஒரு முடி குறைவு. டூவீலருக்கு 1 மீட்டருக்கு 2 மீட்டர். 20 வண்டியாக இரண்டு வரிசை, நடுவே 2 மீட்டர் வழி விட்டால் 120 சதுர மீட்டர், அதாவது 3 சென்ட். மாற்றுத்திறனாளி ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் 3.6 மீட்டர் அகலத்தில் இரண்டு கட்டம், கட்டட வாசலில் இருந்து 30 மீட்டருக்குள் வேண்டும். ஆக மொத்தம் 14 சென்ட் கையில் இருந்தால் நெருக்கடி இல்லை.

நடுவழியை 6 மீட்டரில் இருந்து 4.5 ஆகக் குறைத்து இன்னும் நாலு காரைச் சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சேர்க்காதீர்கள். காரை ஒரே மூச்சில் வெளியே எடுக்க முடியாமல் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஒடிக்க வேண்டியிருக்கும். நாலரை மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது அத்தனை காரும் சிக்கிக்கொள்ளும். வழியைக் குறைத்தே ஆக வேண்டிய ஒடுங்கிய மனை என்றால் கார்களைச் சாய்வாக நிறுத்தி, ஒருவழியாக்குங்கள்.

கூரைக் கம்பத்தை எங்கே நடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கட்டத்தின் முன்மூலையில் நட்டால், திரும்பி வருகிற கார் பக்கவாட்டில் கம்பத்தை உரசும். வழியில் இருந்து 1 மீட்டர் உள்ளே தள்ளி நடுங்கள். அங்கே கம்பம் நின்றால் கதவு திறக்கும் இடத்துக்கும் குறுக்கே வராது. சுவரை ஒட்டிய கடைசிக் கட்டத்துக்கு 2.5 மீட்டர் போதாது. 3 மீட்டர் கொடுத்தால்தான் ஓட்டுநர் பக்கக் கதவு முழுவதும் திறக்கும்.

தகரத்தைவிட மரம் நல்லது என்பது எங்கள் கருத்து. இரண்டு கட்டத்துக்கு ஒன்று என்று வேம்போ புங்கையோ வைத்து, ஒவ்வொன்றுக்கும் 1.2 மீட்டர் சதுரக் குழியைத் தளம் போடாமல் விடுங்கள். தூங்குமூஞ்சி மரம் சீக்கிரம் நிழல் தரும். ஆனால் காற்றில் கிளை ஒடிந்து விழும். காருக்கு மேலே அது வேண்டாம்.

எங்கள் பள்ளி சமணர் மலைக்கு அருகே இருக்கிறது. வேறு ஏதாவது அனுமதி வேண்டுமா?
(கீழக்குயில்குடி வாசகர்)

வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குத் தேசிய நினைவுச் சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். தளம் போடத் தோண்டுவதற்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். யானைமலை, திருப்பரங்குன்றம் அருகே இருக்கிற பள்ளிகளும் தூரத்தை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

போன வருடம் போட்ட பேவர் பிளாக் முதல் மழையிலேயே சக்கரத் தடத்தில் அமுங்கிவிட்டது. ஓரக் கற்களும் விலகிப்போயின. எங்களுடையது கரிசல் மண். என்ன தப்பு?
(பள்ளி மேலாளர், பேரையூர் பக்கம்)

கல்லில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு, கீழே பாருங்கள். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் நேராக மணலைக் கொட்டிக் கல் பதித்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். மேல்மண்ணை ஒன்றரை அடி வெட்டி எடுங்கள். அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் கிராவலை 10 செ.மீ. அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டுங்கள். இறுகியபின் குறைந்தது 20 செ.மீ. நிற்க வேண்டும். 400 சதுர மீட்டருக்கு அதற்கு ஏறக்குறைய 35 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். லோடுக்குக் கனிமவளத் துறை நடைச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கி வையுங்கள். அதன்மேல் ஜல்லிக் கலவை 10 செ.மீ.

பிறகு மணல். இதில்தான் அதிகம் கெடுகிறது. பரப்பும்போது 4 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. 400 சதுர மீட்டருக்கு ஐந்தரை யூனிட் போதும். அடித்தளத்தின் மேடு பள்ளத்தை மணலைப் போட்டு நிரவினால், மணல் தடித்த இடத்தில் சக்கரம் இறங்கும். மாவு அதிகம் உள்ள கிரஷர் தூள் வேண்டாம்; தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சேறாகும். கார் மட்டும் நிற்கிற இடத்துக்கு 60 மி.மீ. கல் போதும். பள்ளிப் பேருந்து ஏறி இறங்கும் என்றால் 80 மி.மீ. கல்லே போடுங்கள்.

ஓரம் விலகியதற்குக் காரணம், கர்ப் எனப்படும் ஓரத் தடுப்புக் கல்லைக் கான்கிரீட்டில் உட்கார வைக்காததுதான். முதலில் நான்கு பக்கமும் கர்ப் கட்டி இறுகவிட்டு, அதற்குள் கல்லைப் பதியுங்கள். கடைசியில் இடுக்குகளில் நைஸ் மணலைப் பெருக்கிவிட்டு வைப்ரேட்டர் ஓட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை மணல் பெருக்குங்கள்.

கரிசலில் கூரைக் கம்பத்துக்கு இரண்டடிக் குழி போதாது. வெடிப்பு அதைவிட ஆழமாக இறங்கும். ஆகர் எனும் துளைக் கருவி வைத்து ஓரடி விட்டத்தில் ஐந்தாறு அடி துளையிட்டு, கம்பி கட்டிக் கான்கிரீட் போடுங்கள்.

தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, மீட்டருக்கு 1.5 செ.மீ. 16 மீட்டர் அகலத்துக்கு 24 செ.மீ. இறக்கம் வரும். அந்த இறக்கம் வகுப்பறைக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். ஒரே மழையில் 5 செ.மீ. கொட்டினால் 400 சதுர மீட்டரில் 20,000 லிட்டர் தண்ணீர் ஓடி வரும். எண்ணெயும் டயர் தூசும் கலந்த தண்ணீர் அது. முதலில் மண்டி தங்கும் தொட்டியில் விட்டு, தெளிந்ததை மட்டும் ஊறல் குழிக்குள் அனுப்புங்கள். பிள்ளைகள் குடிக்கிற கிணற்றிலோ போரிலோ நேராக விடாதீர்கள்.

அரசுப் பள்ளியில் பெற்றோர்களே பணம் போட்டு ஷெட் அமைக்கலாமா? நடுவே இரண்டு புளியமரம் இருக்கிறது.
(உசிலம்பட்டி வாசகர்)

பணம் தருவது நல்ல காரியம். ஆனால் இடம் அரசுடையது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி வாங்குங்கள். கள்ளர் சீரமைப்புத் துறை நடத்தும் பள்ளி என்றால் அந்தத் துறையின் அனுமதி வேண்டும். அரசு நிலத்து மரத்தைத் தலைமையாசிரியர் தன் முடிவில் வெட்ட முடியாது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு வரை போகும். மரத்தை விட்டுவிட்டுக் கட்டங்களை இருபுறமும் நகர்த்தி வரையுங்கள். புளியமர நிழலில் நாலு கார் நிற்கும்.

காலையில் ஒரே கேட்டில் பிள்ளைகள், ஆட்டோ, ஆசிரியர் கார் எல்லாம் முட்டுகின்றன. நத்தம் சாலைப் பக்கம் தனி கேட் வைக்கலாமா?
(பெற்றோர் ஒருவர், மதுரை வடக்கு)

வைக்கத்தான் வேண்டும். அது தேசிய நெடுஞ்சாலை என்பதால் கேட் திறக்க நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். பின்பக்கம் தெரு இருந்தால் அங்கே வைப்பது எளிது; பிள்ளைகளுக்கும் நல்லது. கேட்டைச் சாலை ஓரத்திலேயே வைக்காமல் 6 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தால், திறக்கும் வரை காத்திருக்கிற கார் சாலையில் நிற்காது.

2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்தான். அதன்பின் பள்ளி வாகனங்களில் கேமராவும் சென்சாரும் கட்டாயம் ஆயின. ஆசிரியர்களின் சொந்தக் காருக்கு அந்த விதி இல்லை. ஆகவே தரையிலேயே பிரித்துவிடுங்கள். நடைபாதைக்கும் கார் இடத்துக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் இரும்புக் குழாய் வேலி. கார்கள் காலையில் பின்னோக்கி நின்று, மாலையில் முன்னோக்கிக் கிளம்ப வேண்டும்; பிள்ளைகள் கூட்டமாக வெளியேறும் நேரத்தில் ரிவர்ஸ் எடுப்பது அறவே கூடாது. முதல் மணிக்கு 20 நிமிடம் முன்பே கார் கேட்டைச் சாத்திவிடுங்கள். தாமதமாக வருகிற ஆசிரியர் வெளியே நிறுத்திவிட்டு நடந்து வரட்டும். சாவி வாட்ச்மேனிடம் மட்டும் இருக்கட்டும்.