டாமி கன்னா, டாமி கன் மாதிரியா?

டென்னசியில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி வீட்டுச் சாமான்களை விற்கிறார். அதில் டாமி கன், அதாவது தாம்ப்சன் என்ற பழைய அமெரிக்க இயந்திரத் துப்பாக்கி போலவே ஒன்று. முன்னால் ஒரு கைப்பிடி, வளையம் வளையமான குழல், மரத்தாலான பின்கட்டை. சில நூறு டாலருக்குத் தருகிறேன் என்கிறாராம் அந்த அம்மா. அசலா, நகலா? வாங்கலாமா?

உங்கள் ஊரையும் அந்த விலையையும் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது வாலண்டியர் என்டர்பிரைசஸ் நிறுவனத்தின் 'கமாண்டோ' கார்பைன்தான். கார்பைன் என்றால் குட்டையான ரைஃபிள். அது டென்னசியின் நாக்ஸ்வில்லிலேயே தயாரானது. 1969 முதல் 1976 வரை வந்தது கமாண்டோ மார்க் 3. அதன் பிறகு 9 மி.மீ. தோட்டாவுக்கு மார்க் 9, 45 காலிபர் என்ற தோட்டா அளவுக்கு மார்க் 45. நிறுவனத்தின் பெயரும் பிறகு கமாண்டோ ஆர்ம்ஸ் என்று மாறியது. டாமி கன்னின் முகம் பிடித்திருக்கிறது, ஆனால் அவ்வளவு காசு இல்லை என்றவர்களுக்காகச் செய்த துப்பாக்கி இது. டிரிக்கரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான்.

கையில் எடுக்கும் முன் ஒன்று. துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது, விரல் டிரிக்கர் பக்கம் போகக் கூடாது. மேகசின் என்ற தோட்டாப் பெட்டியைக் கழற்றி, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையும் காலிதானா என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த துப்பாக்கி என்பதால் காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

சரி, இப்போது இடது பக்கத்தைப் பாருங்கள். அசல் தாம்ப்சனில் அங்கே இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று சுடாமல் தடுக்கும் பூட்டு. இன்னொன்றின் அருகே 'சிங்கிள்' (ஒவ்வொன்றாகச் சுடும்), 'ஃபுல் ஆட்டோ' (டிரிக்கரை இழுத்துப் பிடித்தால் தொடர்ந்து சுடும்) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். 'ஃபுல் ஆட்டோ' என்ற எழுத்து கண்ணில் பட்டால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1934ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி அது அரசின் பதிவில் இருக்க வேண்டிய இயந்திரத் துப்பாக்கி. பதிவில்லாமல் வைத்திருப்பதே குற்றம், பத்து வருடம் வரை சிறை. இப்போது போய்ப் பதிவு செய்துவிடலாம் என்பதும் நடக்காது. அந்த அம்மாவிடம் கணவரின் பத்திரங்களில் பதிவுத் தாள் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள், ஒரு வழக்கறிஞரையும் பார்க்கச் சொல்லுங்கள். தாள் இருந்தால் அவர் கையில் இருப்பது பல்லாயிரம் டாலர் பெறும் பொருள். விவரம் தெரியாமல் அவர் அதைச் சில நூறுக்கு விற்றுவிடக் கூடாது.

அடுத்தது குழல். 1928 மாடல் தாம்ப்சனில் அந்த வளையங்கள் குழலின் இரும்பிலேயே கடைந்தவை, குழல் நீளம் பத்தரை அங்குலம். கமாண்டோவில் குழலுக்கு மேல் மாட்டிய உறைதான் அப்படித் தெரிகிறது, குழல் பதினாறரை அங்குலம். நீளம் தெரிந்துவிட்டால் பாதி சந்தேகம் தீரும். வளையமே இல்லாத மொட்டைக் குழலைப் பார்த்து நகல் என்று தள்ளிவிடாதீர்கள். 1942 முதல் போருக்காக எளிமையாக்கிய எம்1, எம்1ஏ1 தாம்ப்சன்களில் வளையம் கிடையாது.

எடையும் பேசும். கமாண்டோ சுமார் 8 பவுண்டு. அசல் தாம்ப்சன் 10 பவுண்டுக்கு மேல். ஆட்டோ ஆர்ட்னன்ஸ் நிறுவனம் நியூயார்க்கின் வெஸ்ட் ஹர்லியில் செய்த 1927ஏ1, இழுப்புக்கு ஒரு தோட்டா மட்டும் சுடும் வகை, இன்னும் கனம், 13 பவுண்டு வரும். அது உருவத்தில் அசலுக்கு மிக நெருக்கம், ஆனால் சில நூறு டாலருக்குக் கிடைக்காது. 

பொறிப்பில் 'ஸ்பிட்ஃபயர்' என்று இருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். 1960களில் அரிசோனாவில் தயாரான இதுவும் டாமி கன் சாயல்தான். ஆனால் துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஏடிஎஃப் அதை இயந்திரத் துப்பாக்கி என்றே வகைப்படுத்தியது. இழுப்புக்கு ஒரு தோட்டாதானே என்று வாங்கிச் சிக்கிக்கொள்ளக் கூடியது இதுதான்.

கமாண்டோ என்றே உறுதியானாலும் இரண்டு விஷயம் பாருங்கள். வரிசை எண் தெளிவாக இருக்க வேண்டும். வரிசை எண்ணைக் கட்டாயமாக்கிய 1968 சட்டத்துக்குப் பிறகு செய்த துப்பாக்கி இது, எண் இல்லையென்றாலோ சுரண்டியிருந்தாலோ தொடாதீர்கள். அப்புறம் குழலை யாராவது அறுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அதுவும் மேலே சொன்ன 1934 சட்டத்துக்குள் போய்விடும். முனையில் திருகி மாட்டிய துண்டு அளவில் சேராது, நிரந்தரமாகப் பற்றவைத்திருந்தால்தான் சேரும். உரிமம் உள்ள துப்பாக்கிப் பழுதாளரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் அளந்து சொல்வார்.

நீங்கள் கிரீன் கார்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு தூரம் சொன்னேன். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. இதைப் படிக்கும் நம்மவர்களில் பலர் அந்த விசாவில் இருப்பவர்கள், நண்பர் வீட்டில் பார்த்து ஆசைப்பட்டுவிட வேண்டாம். உங்களுக்கும் சொல்கிறேன்: அவரிடமிருந்து நேரடியாக வாங்கிக்கொள்ளாமல் உரிமம் பெற்ற டீலர் வழியாகவே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அந்த அம்மாவுக்கும் அது பாதுகாப்பு.

எல்லாம் சரியாக இருந்தால் வாங்குங்கள். அசலின் மதிப்பு இதற்கு வராது, ஆனாலும் உங்கள் ஊரிலேயே பிறந்த ஒரு பொருள், எனக்கு இதன் மேல் பிரியம் உண்டு. விலை பேசும் முன் மேகசின் கூட வருகிறதா என்று கேளுங்கள். மார்க் 45 வந்தபோது மேகசினையும் மாற்றிவிட்டார்கள், மார்க் 3இன் மேகசினை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். மேகசின் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்பதில் தப்பில்லை.