டேஷ்போர்டைக் கழற்றுமுன்: செட்டிநாட்டு வாசகர் கேள்விகள்

கானாடுகாத்தான் வாசகர்: எங்கள் ஐயா வாங்கிய 1948 மாடல் பிரிட்டிஷ் கார் வெகுநாளாக ஷெட்டில் நிற்கிறது. மர டேஷ்போர்டைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

பேட்டரியில். பாடியோடு போல்ட் போட்டிருக்கும் கேபிள் எதுவோ, அதை முதலில் கழற்றுங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். 'மைனஸை முதலில் எடு' என்று பழகிய மெக்கானிக் இங்கே தடுமாறுவார். மைனஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும்.

அடுத்து போட்டோ. டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து, ஒவ்வொரு மீட்டரின் முதுகையும் தனித்தனியாக எடுங்கள். வயர்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டாதீர்கள். நம்மூர் வெயிலில் பிசின் வயரிலும் எழுத்து டேப்பிலுமாகத் தனித்தனியே போய்விடும். துணிக்கடையில் விலைச்சீட்டு கட்டுகிற நூல் அட்டை போதும், பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். துணி உறை போட்ட வயர்களில் நிறம் வெளுத்திருக்கும். உறையை ஒரு அங்குலம் தள்ளிப் பார்த்தால் உள்ளே அசல் நிறம் தெரியும். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வயரிங்கில் பிரவுன் என்றால் சாவி போடாமலே கரண்ட் இருக்கும் வயர், வெள்ளை என்றால் சாவி போட்டால் கரண்ட் வரும் இக்னிஷன் வயர், கறுப்பு எர்த்.

ஸ்பீடோமீட்டர் கேபிளின் நட்டைக் கை விரலால் திருகுங்கள், கொறடு வேண்டாம். ஆயில் பிரஷர் மீட்டருக்கு வரும் மெல்லிய செப்புக் குழாயைக் கழற்றும்போது கொஞ்சம் ஆயில் ஒழுகும், கீழே துணி போட்டுக்கொள்ளுங்கள். அந்த இணைப்பில் சிறிய தோல் வாஷர் ஒன்று இருக்கும். அது விழுந்ததைக் கவனிக்காமல் திரும்ப மாட்டினால் ஆயில் காலில் கொட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் டெம்பரேச்சர் மீட்டர். அதன் பின்னால் போகும் குழாய் வயர் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே ஈதர் அடைத்த கேபிலரி, அதாவது நூல் போன்ற மெல்லிய குழாய். பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் மீட்டர் அதோடு முடிந்தது. ரேடியேட்டரில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை இறக்கி, எஞ்சின் பக்கம் உள்ள பல்பை (விளக்கு அல்ல, சூட்டை உணரும் குழாய் முனை) கழற்றி, எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் ரப்பர் வழியாக முழுக் குழாயையும் உள்ளே இழுத்து, பெரிய வளையமாகச் சுருட்டி மீட்டரோடு சேர்த்துக் கட்டுங்கள். மடிப்பு விழக்கூடாது.

சுவிட்ச் குமிழ்களைப் பிடித்து இழுக்காதீர்கள். குமிழின் அடிப்பக்கம் ஊசித் துளை ஒன்று இருக்கும். உள்ளே ஸ்பிரிங் வைத்த பின். மெல்லிய கம்பியால் அதை அமுக்கினால் குமிழ் தானாக வழுக்கி வரும். இழுத்தால் பேக்லைட் குமிழ் இரண்டாகும்.

கழற்றிய ஸ்க்ரூக்களுக்கு டப்பா வேண்டாம். அட்டையில் டேஷ்போர்டைப் படமாக வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். மீட்டர்களின் பின்னால் இருப்பவை பி.ஏ. மறை, அதாவது 'பிரிட்டிஷ் அசோசியேஷன்' என்ற பழைய ஸ்க்ரூ அளவு. 2 பி.ஏ. 4.7 மி.மீ., 4 பி.ஏ. 3.6 மி.மீ. கடையில் 'இதுவும் அதுதான்' என்று எம்5, எம்4 நட்டைக் கொடுப்பார்கள். தளர்வாக ஏறுவது போல் இருக்கும், இறுக்கினால் பித்தளை மறையை மழித்துவிடும். பழைய நட்டைத் தொலைக்காமலிருப்பதே மலிவு.

தேவகோட்டை வாசகர்: வால்நட் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு, ஓரங்களில் எழும்பிவிட்டது. வீடு இடித்தபோது எடுத்த பர்மா தேக்குப் பலகை இருக்கிறது. அதிலேயே புது டேஷ்போர்டு செய்துவிடலாமா? எங்கள் ஆசாரி தயாராக இருக்கிறார்.

ஆசாரியின் கையில் குறை இல்லை, யோசனையில்தான் குறை. ஒற்றைப் பலகையில் நான்கைந்து பெரிய துளை போட்டால், துளைக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டு விரல் அகலம். அங்கே நார் குறுக்கே ஓடினால் மீட்டர் கிளாம்பை இறுக்கும்போதே விரியும். அசல் பலகை பிளைவுட் மேல் வெனீர் ஒட்டியதாக இருப்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. தேக்கை வைத்துவிட்டால் நிறமும் வண்டிக்கு ஒட்டாது, கதவு ஓர மரங்கள் வால்நட்டாகவே இருக்குமே. அந்தத் தேக்குக்கு வீட்டிலேயே வேறு வேலை கிடைக்கும்.

முதலில் பழையதைக் காப்பாற்றப் பாருங்கள். எழும்பிய வெனீரின் அடியில் கொதிநீர் ஒரு சொட்டு விடுங்கள். தொட்டால் பிசுபிசுக்கிறதா? அப்படியானால் வச்சிரம், அதாவது மாட்டுத்தோலில் காய்ச்சும் பழைய பசை. ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பழைய வச்சிரமே இளகும், போதாத இடத்தில் புதிதாகக் கொஞ்சம் செலுத்தலாம். மேலே மெழுகுத்தாள், அதன்மேல் சமமான பலகை வைத்து ஒரு இரவு கிளாம்ப் போடுங்கள். மேல் பாலிஷ் இதில் கெடும், எப்படியும் அதைச் சுரண்டத்தான் போகிறீர்கள். பிசுபிசுக்கவில்லை என்றால் செயற்கைப் பசை. இஸ்திரி உதவாது, புதிதாக எபாக்ஸிதான் விட வேண்டும்.

அடிப்பலகையே கரையான் அரித்துப் போயிருந்தால் புதுசு செய்யலாம். பழையதை அச்சாக வைத்துக் கோடு போட்ட பிறகே அதை அப்புறப்படுத்துங்கள். அதே கனத்தில் மெரைன் பிளைவுட் எடுங்கள். கனம் மாறினால் மீட்டரின் கிளாம்ப் எட்டாது. முன்பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால் பலகை வில்லாக வளையும், பின்பக்கமும் மலிவான வெனீர் ஒன்று ஒட்டுங்கள். வெள்ளைப் பெவிகால் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் நிற்கும் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், அந்தச் சூட்டில் அது இளகி வெனீரை நகரவிடும். வச்சிரம் கைவிட்டதும் இதே சூட்டால்தான். எபாக்ஸி தாங்கும். துளைகளை வெனீர் ஒட்டிக் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

பாலிஷுக்கு அரக்கு அழகு, ஆனால் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வெளுத்துப்போகும். வண்டி ஓடப் போகிறது என்றால் வெயில் தாங்கும் இரண்டு பாக பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர் நல்லது. மெல்லிசாக ஆறு, ஏழு கோட். நடுவே 400 நம்பர் உப்புத்தாள், ஒரு வாரம் காயவிட்டு 1500-ல் தண்ணீர் போட்டுத் தேய்த்து, கடைசியாக பாலிஷ் காம்பவுண்ட். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் அரக்கு பால் போல வெளுக்கும், பி.யு.வில் குமிழ் விழும்.

பள்ளத்தூர் வாசகர்: 1946 பிளைமவுத். மர டேஷ்போர்டில் பெயிண்ட் ரிமூவர் போட்டேன், கீழே தகரம் வருகிறது!

உடனே நிறுத்துங்கள். அது தகரத்தின் மேல் அச்சிட்ட மரக்கோடு, அந்தக் கால அமெரிக்க வண்டிகளில் சாதாரணம். மிச்சமிருப்பதை, முக்கியமாக குளோவ் பாக்ஸ் மூடியின் உள்விளிம்பை, அப்படியே விடுங்கள். அடிநிறமும் கோட்டின் ஓட்டமும் தெரிய அதுதான் மாதிரி. கை தேர்ந்த பெயிண்டர் அதைப் பார்த்து மறுபடி போடலாம்.

காரைக்குடி வாசகர்: 1964 மாடல் கார். டேஷ்போர்டுக்குப் பெயிண்ட் அடித்து மாட்டியதிலிருந்து பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டும் எகிறி நிற்கின்றன. மீட்டர் போய்விட்டதா?

இரண்டும் ஒரே நாளில் போகாது. பின்னால் தீப்பெட்டி அளவில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். 12 வோல்ட்டைத் துடிப்பாக வெட்டி, சராசரி 10 வோல்ட்டாக இரண்டு மீட்டருக்கும் கொடுப்பது அதுதான். அதன் எர்த், அதன் தகர உடம்பு வழியாக டேஷ்போர்டுக்குப் போகிறது. நீங்கள் அடித்த பெயிண்ட் அந்த எர்த்தை மறித்துவிட்டது. எர்த் இல்லாவிட்டால் முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் எண் துள்ளிக்கொண்டே இருக்கும், அது கோளாறல்ல. புதிதாக எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் வாங்குவதாக இருந்தால் உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று சொல்லி வாங்குங்கள். பழைய இரட்டைத்தகடு (பைமெட்டல்) வகைக்கு அந்தக் கவலை இல்லை.

புதுவயல் வாசகர்: மீட்டர் வளையங்களுக்கு குரோம் போட பட்டறையில் கொடுத்தேன். இரண்டு பளபளவென வந்தன, ஒன்று பொடிந்தே போனது. ஏன்?

பளபளத்தவை பித்தளை, பொடிந்தது மசாக், அதாவது துத்தநாக வார்ப்பு. பம்பருக்குப் பழகிய பட்டறை, பழைய முலாமை எடுக்க எல்லாவற்றையும் ஒரே ஆசிட் தொட்டியில் முக்கும். இரும்பும் பித்தளையும் தாங்கும், மசாக்கை ஆசிட் தின்றுவிடும். மின்முலாம் ஆராய்ச்சி செய்யும் மத்திய நிறுவனமான 'சிக்ரி' 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, தெருக்கோடிப் பட்டறைக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை! கொடுக்குமுன் பின்பக்கத்தைக் கத்தியால் லேசாகக் கீறுங்கள்: மஞ்சள் என்றால் பித்தளை, சாம்பல் நிறம் என்றால் மசாக். காந்தம் ஒட்டினால் இரும்பு. மசாக்குக்கு முதலில் சயனைடு செப்பு, பிறகு நிக்கல், அப்புறம்தான் குரோம். 'செப்பு போடுவீர்களா?' என்று கேளுங்கள். தயங்கினால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த மசாக்கை மெழுகு தேய்த்து அப்படியே மாட்டுவதும் தப்பில்லை.

போன வளையத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு சுற்று வாருங்கள். வளையம், குமிழ், சுவிட்ச் என்று உதிரியாகக் கிடைப்பதுண்டு. வெர்னியர் காலிப்பரோடு போங்கள், கண்ணளவு ஏமாற்றும்.

ராயவரம் வாசகர்: மீட்டர் முகப்பு பழுப்பேறிவிட்டது. பிராஸோ போட்டுத் துடைக்கலாமா?

கூடாது. எழுத்தும் சேர்ந்து வந்துவிடும், பல முகப்புகளில் வெறும் ஈரத்துணிக்கே வரும். கண்ணாடியின் உள்பக்கத்தை மட்டும் துடையுங்கள், பாதி மங்கல் அங்கேதான். முகப்புக்கு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வண்டி, முள்ளிலும் எண்ணிலும் பழுப்புப் பச்சையாகத் தடித்த பூச்சு இருக்கிறது என்றால் மீட்டரைத் திறக்கவே வேண்டாம். அது கதிர்வீச்சு வீசும் ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லை என்று தைரியம் கொள்ளாதீர்கள். தேய்ந்தது ஒளிரும் உப்புதான், ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 1,600 ஆண்டு. அந்தத் தூளைச் சுரண்டி மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. கண்ணாடி உடைந்திருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியே வையுங்கள்.