பிறக்கப்போகும் குழந்தைக்கு எதையெல்லாம் வாங்குவது, எதையெல்லாம் விட்டுவிடுவது?

உங்கள் பட்டியலை முழுவதும் படித்தேன். முதல் குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அதற்குள் தொட்டில், மெத்தை, அலமாரி, உடை மாற்றும் மேசை, தள்ளுவண்டி, கார் இருக்கை, ஆடும் சாய்விருக்கை, வாக்கர், போதாததற்கு முப்பது சட்டைகள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இதில் பாதி, பார்க்கும் பெரியவர்களின் கண்ணுக்காகத் தயாராகும் சரக்கு. குழந்தை உறங்கும் இடத்துக்கும் கார் இருக்கைக்கும் மனம் கோணாமல் செலவு செய்யுங்கள். மற்ற எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் நல்லது.

முதலில் உடை, ஏனென்றால் ஆசை அதிகம் பிடித்து இழுப்பது அங்கேதான். பிறக்கும்போது குழந்தை சுமார் 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முதல் ஆறு மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் வளரும். ஐந்தாவது மாத வாக்கில் எடை இரட்டிப்பாகிவிடும். ஆகவே ஆகச் சிறிய அளவில் நான்கைந்து போதும். பெரிய குழந்தையாகப் பிறந்துவிட்டால் அவையும் ஓரிரு வாரத்தில் பிடிக்கத் தொடங்கும். உடையில் ‘0–3 மாதம்’ என்று எழுதியிருப்பதை வைத்து வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் மூன்று மாதமும் ஒவ்வொரு அளவு. பக்கத்தில் எடையோ நீளமோ குறித்திருக்கும், அதைப் பாருங்கள்.

தொப்புள்கொடியின் மிச்சம் காய்ந்து விழ ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை முன்பக்கம் முழுவதும் திறந்து, பக்கவாட்டில் முடியும் சட்டைகள்தான் வசதி. வயிற்றை இறுக்கும் எலாஸ்டிக் வேண்டாம். அதன்பிறகு தலைவழியே மாட்டும் சட்டை வாங்கினால், தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும் கழுத்து உள்ளதாகப் பாருங்கள். அந்த மடிப்பை அலங்காரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். டயப்பர் கசிந்து முதுகுவரை ஏறிவிட்ட நாளில் அதன் அருமை தெரியும்: கழுத்தை விரித்துச் சட்டையைத் தோள்வழியாகக் கீழ்நோக்கி உருவிவிடலாம், தலையிலும் முகத்திலும் அசிங்கம் படாது. அதேபோல, கீழிருந்தும் திறக்கும் ஜிப் இருந்தால் இரவில் நெஞ்சைத் திறக்காமலே டயப்பர் மாற்றலாம். முதுகில் பட்டன் வைத்த உடையை யார்தான் வடிவமைக்கிறார்களோ தெரியவில்லை. நாளெல்லாம் மல்லாந்து கிடக்கும் உயிருக்கு முதுகில் பட்டன்!

கழுத்திலோ தலைமூடியிலோ இழுத்துக் கட்டும் கயிறு இருந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கக்கூடும். கல், ஜிகினா, ஒட்டிய முத்து எல்லாம் ஒருநாள் கழன்று வாய்க்குப் போகும். காலுறை வாங்கினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூலிழையோ, தாயின் உதிர்ந்த முடியோ கால்விரலைச் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்துவது உண்மையாகவே நடக்கிறது. காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டால் விரல்களைப் பார்ப்பது நல்ல வழக்கம்.

எத்தனை உடை என்பது நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும், அதில் இரண்டு மூன்று முறையாவது உடையும் சேர்ந்து போகும். கணக்கை அதிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். புதியவற்றை வாசனையில்லாத சோப்பில் ஒருமுறை அலசிய பிறகே போடுங்கள். பெரிய அளவுகளின் விலைச்சீட்டை மட்டும் கிழிக்காமல் வையுங்கள், மாற்றிக்கொள்ள உதவும். குளிர்கிறதோ, வியர்க்கிறதோ என்று கையைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை; சிசுவின் கைகால்கள் இயல்பாகவே சில்லென்று இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ தொடுங்கள். வீட்டுக்குள் உறங்கும் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம், குழந்தை கூடுதல் வெப்பத்தைப் பெரும்பாலும் தலைவழியேதான் வெளியேற்றுகிறது.

இனி உறங்கும் இடம். அது சமதளமாக, கெட்டியாக, காலியாக இருக்க வேண்டும். கடைசிச் சொல்லில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். தலையணை, போர்வை, பொம்மை, கம்பிகளை ஒட்டிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் உள்ளே கூடாது. குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி அமெரிக்காவில் 1994இல் பிரசாரம் தொடங்கிய பின், அடுத்த பத்தாண்டுகளுக்குள் உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அந்தப் பஞ்சுத் தடுப்புகளையும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த உறங்கும் படுக்கைகளையும் 2022இல் அங்கே சட்டம் போட்டே தடுத்தார்கள். சாய்ந்த நிலையில் தலை முன்னால் விழுந்தால் முகவாய் நெஞ்சில் அழுந்தும், மூச்சுக்குழாய் மடியும். தலையைத் தூக்கிக்கொள்ளும் வலு குழந்தைக்குக் கிடையாது. உங்கள் பட்டியலில் இருக்கும் ஆடும் சாய்விருக்கை விழித்திருக்கும்போது சிறிது நேரம் கிடத்த மட்டும். கண் அயர்ந்ததும் எடுத்துத் தொட்டிலில் போட வேண்டும் என்றால், அது எதற்கு என்று நீங்களே யோசியுங்கள்.

தொட்டில் வாங்கும்போது கடையில் செய்யக்கூடிய சோதனைகள் மூன்று. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி சுமார் 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அதற்குப் பொருந்தவில்லை. மெத்தையைக் கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. பெரியவர்களுக்குக் கட்டாந்தரையாகத் தோன்றும் கெட்டித்தனம்தான் குழந்தைக்குச் சரி. பக்கக் கதவு மேலும் கீழும் இறங்கும் பழைய மாதிரியை யாராவது அன்பாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். கதவு கழன்று குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011 முதல் அவற்றை விற்க முடியாது. முதல் ஆறு மாதமாவது அந்தத் தொட்டில் உங்கள் அறையில் இருக்கட்டும். குழந்தைக்குத் தனியறை அலங்கரிப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கார் இருக்கை பற்றி. உங்களிடம் கார் இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இருந்தால், பின்னோக்கிப் பார்த்தபடி பொருத்தும் வகை மட்டுமே. மோதலின்போது குழந்தையின் கனத்த தலை முன்னால் எகிறாமல் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் இருக்கையே தாங்கிக்கொள்ளும். ஐ.நா.வின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம்வரை இப்படித்தான் என்கிறது. அதற்குமேலும் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு நல்லது. முன்னால் காற்றுப்பை (ஏர்பேக்) இயங்கும் இருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள். தொட்டிலைக்கூட இரவல் வாங்கலாம், இதை மட்டும் முழு வரலாறு தெரிந்தவரிடம் தவிர வாங்கக் கூடாது. விபத்தில் சிக்கிய இருக்கையின் விரிசல் வெளியே தெரியாது, காலாவதித் தேதியும் உண்டு. தடித்த மேலாடையோடு பட்டை போட்டால் அடியில் இடைவெளி விழும். தோள்பக்கத்துப் பட்டையை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை காரில் பொருத்திப் பழகிவிடுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் குழந்தையை அதிலேயே உறங்க விடாமல் எடுத்துவிட வேண்டும்.

உடை மாற்றும் மேசை வேண்டாம். துடைத்தெடுக்கக்கூடிய விரிப்பைத் தரையில் போட்டால் விழுவதற்கு இடமே கிடையாது. அலமாரி வாங்கினால் முதல் நாளே சுவரோடு திருகாணி போட்டு இறுக்குங்கள். இன்னும் ஓராண்டில் அதன் இழுப்பறைகள் படிக்கட்டாகிவிடும். அறைகலனில் நான் விடாப்பிடியாகச் சிபாரிசு செய்வது பாலூட்டும் தாய்க்கு ஒரு நல்ல நாற்காலி. முழங்கையைத் தாங்கும் கைப்பிடியும், பாதம் தரையில் முழுவதும் படியும் உயரமும் வேண்டும். உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். இரவில் நான்கு முறை அதில் உட்காரப்போவது நீங்கள்தான்.

தள்ளுவண்டி அவசரமில்லை. வாங்குவதாக இருந்தால் குழந்தை நேராக மல்லாந்து படுக்கும்படி முழுவதும் சாய்வதாக இருக்கட்டும். வெயிலுக்காகத் துணியைப் போட்டு மூடினால் உள்ளே சூடு கிடுகிடுவென்று ஏறும். மார்போடு கட்டிச் சுமக்கும் பை எனக்கு வண்டியைவிட அதிகம் உதவியது. குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். வாக்கரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. நடக்கவும் அது கற்றுத்தராது.

உறவினர்கள் என்ன வாங்கித் தர என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் அளவு டயப்பர் என்று கூசாமல் சொல்லுங்கள். உடைதான் தருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் ஆறு மாத அளவைக் கேளுங்கள், கூடவே அப்போது வெயிலா குளிரா என்பதையும் எண்ணிச் சொல்லிவிடுங்கள்.